சிம்பிரிய மொழியில் ஒரு சுத்தியல்

அந்தப் பெரியவர் கையிலிருந்த சுத்தியலைச் சற்றே உயர்த்திக் காட்டி, "ஹம்மர்" என்றார். தோட்டத்தின் வேலிச் சுவரிலிருந்து பெயர்ந்து விழுந்த கல்லொன்றைப் பழைய இடத்தில் பொருத்துவதற்காக அதன் முனைகளைத் தட்டிச் சீர்படுத்திக்கொண்டிருந்தார். வழிப்போக்கனாக நின்ற நான், அவர் காலடியில் கிடந்த கருவிகளின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவரும் சலிக்காமல் சொன்னார். மற்றவற்றை அன்றிரவே பாதி மறந்துவிட்டேன். ஆனால் சுத்தியலின் பெயரை மட்டும், அதிலும் அதன் இறுதியில் அவர் அழுத்தமாக உருட்டி ஒலித்த "அர்" என்ற அசையை, என்னால் மறக்க முடியவில்லை.

நான் நின்றிருந்த ஊர் லுசெர்னா. ஆல்ப்ஸ் மலையின் தென்பகுதியில், இத்தாலியின் திரெந்தோ மாகாணத்தில், கடல்மட்டத்திலிருந்து 1,333 மீட்டர் உயரத்தில் இருக்கும் சிற்றூர். மக்கள்தொகை 300க்கும் குறைவு. அந்தப் பெரியவர் சொன்ன பெயர்கள் அவ்வூரின் சிம்பிரிய மொழியில் இருந்தன; அது ஜெர்மனோடு உறவுள்ள மொழி. வேலை நிமித்தம் முனிச்சில் தங்கியிருந்த ஆண்டுகளில் ஜெர்மன் மொழியைப் பேசவும், பிறகு அதன் பழைய வடிவங்களை ஓரளவு படிக்கவும் கற்றுக்கொண்டிருந்தேன். இன்றைய ஜெர்மனில் சுத்தியல் "ஹம்மெர்" என்று எழுதப்படுகிறது. பேச்சில் அதன் கடைசி "ர்" கரைந்து காணாமற்போய்விடும். ஆனால் 8ஆம், 9ஆம் நூற்றாண்டுகளின் பழைய உயர் ஜெர்மன் ஏடுகளில் இதே சொல் "ஹமர்" என்று, தெளிவான "அர்" ஈற்றோடு இருக்கிறது. ஆகவே அன்றிரவு என் குறிப்பேட்டில் மிகுந்த மகிழ்ச்சியோடு இப்படி எழுதினேன்: ஜெர்மானியர் 1,000 ஆண்டுகளுக்கு முன் இழந்த ஓர் ஒலியை இந்த மலையூர் மக்கள் இன்றுவரை வாயில் வைத்துக் காத்திருக்கிறார்கள்.

அது தவறு. அந்தத் தவறு எனக்கு எப்படிப் புரிந்தது என்பதையும், அந்தச் சொல்லின் உண்மையான பழமை எங்கே இருக்கிறது என்பதையும் சொல்வதற்காகவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

சிம்பிரியம், வட இத்தாலியில் மூன்று இடங்களில் வழங்கிவந்த ஒரு ஜெர்மானிய மொழி. வெரோனா நகருக்கு வடக்கே லெஸ்ஸினியா மலைப்பகுதியில் இருந்த பதின்மூன்று ஊர்கள், அதற்குக் கிழக்கே ஆசியாகோ பீடபூமியின் ஏழு ஊர்கள், மூன்றாவதாக லுசெர்னா. தென் ஜெர்மனியின் பவேரியாவிலிருந்தும், அதை ஒட்டிய ஆல்ப்ஸ் பகுதியான திரோலிலிருந்தும் 11ஆம் நூற்றாண்டு தொடங்கி அலையலையாக வந்து, காடு திருத்திக் குடியேறிய உழவர்களின் வழித்தோன்றல்களே இம்மக்கள். 1287இல் வெரோனாவின் ஆயராக இருந்த பார்த்தொலொமேயோ தெல்லா ஸ்கலா, லெஸ்ஸினியா மலையில் இத்தகைய குடியேறிகள் வாழ அனுமதியளித்த ஆவணம் இருக்கிறது. ஏழு ஊர்கள் 1310 முதல் 1807 வரை தமக்கென ஒரு கூட்டமைப்பாகவே இயங்கின. இன்று லெஸ்ஸினியாவில் ஜாட்சா என்ற ஊரிலும், ஆசியாகோ பக்கம் ரோவானாவைச் சுற்றிலும் முதியோர் சிலரிடம் மட்டுமே இம்மொழி எஞ்சியிருக்கிறது. வீட்டுமொழியாக அது உயிரோடிருப்பது லுசெர்னாவில்தான்.

இம்மக்களின் பெயரே ஒரு பழமை ஆசையின் விளைவு. கி.மு. 101இல் வெர்ச்செல்லி என்ற இடத்தில் ரோமானியத் தளபதி மாரியுஸ் ஒரு பெரும் படையை முறியடித்தார். வடக்கிலிருந்து வந்த அப்படையினரின் இனப்பெயர் கிம்பிரி. அந்தப் போரில் தப்பியவர்கள் மலைமேல் ஒளிந்து வாழ்ந்தார்கள், அவர்களின் வாரிசுகளே இவர்கள் என்ற கதையை இடைக்காலத்தின் இறுதியில் இத்தாலியக் கல்விமான்கள் பரப்பினார்கள். நூற்றாண்டுக்கணக்கில் அது வரலாறாகவே நம்பப்பட்டது. பவேரிய மொழியறிஞர் யோஹான் ஆந்திரேயாஸ் ஷ்மெல்லர் 1833இலும் 1844இலும் இவ்வூர்களுக்கு நேரில் வந்து, மக்கள் பேசுவதைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். ஒலிகளையும் இலக்கணத்தையும் வைத்துப் பார்த்தால் இது 12ஆம், 13ஆம் நூற்றாண்டுகளின் தென் ஜெர்மனோடு பொருந்துகிறதே ஒழிய, கிறிஸ்துவுக்கு முந்தைய எந்த இனத்தோடும் அல்ல என்று அவர் நிறுவினார். அவர் 1852இல் காலமானார். அவர் திரட்டிய சிம்பிரிய அகராதி 1855இல் வியன்னாவில் வெளிவந்தது. ஷ்மெல்லர் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஒரு மொழியை நேசிப்பவர் அதற்கு வயதைக் கூட்டிச் சொல்ல விரும்புவது இயல்பு; அவர் நேசித்தார், ஆனால் வயதைக் கூட்டவில்லை.

நான் கூட்டிவிட்டேன். முனிச்சுக்குத் திரும்பிய பிறகு, என் குறிப்பேட்டில் இருந்த மற்ற லுசெர்னாச் சொற்களை "ஹம்மர்" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் வரிசையாக எழுதிப் பார்த்தேன். தண்ணீர், "பஸ்ஸர்". இன்றைய ஜெர்மனில் அது "வஸ்ஸெர்". பழைய உயர் ஜெர்மனில் "வஸ்ஸர்". வகரம் பகரமானதைத் தவிர, இங்கும் பழைய "அர்" அப்படியே இருப்பதுபோலத்தான் தோன்றியது. அடுத்தது சகோதரன்: "ப்ருவாடர்". இங்கே என் பேனா நின்றது. ஏனெனில் பழைய உயர் ஜெர்மனில் சகோதரன் "ப்ருவொடெர்". அதன் ஈறு "எர்", "அர்" அல்ல. தாய் "முவொட்டெர்", தந்தை "ஃபட்டெர்". அவற்றிலும் "எர்" தான். ஆனால் சிம்பிரியத்தில் இவை அனைத்தும் "அர்" என்றே முடிகின்றன. நூறு என்ற எண்கூட, ஜெர்மனில் "ஹுண்டெர்ட்", சிம்பிரியத்தில் "ஹுண்டர்ட்". பெயரடைகளின் ஆண்பால் ஈறும் பழங்காலத்தில் நீண்ட "ஏர்" ஆக இருந்து, இங்கே "அர்" ஆகியிருக்கிறது.

இதன் பொருள் என்ன என்பதைச் சற்று நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் சொற்பிறப்பாய்வின் அடிப்படையே இந்த இடத்தில்தான் இருக்கிறது. பழைய உயர் ஜெர்மனில் "அர்" என முடிந்தவை ஒரு கூட்டம். "எர்" என முடிந்தவை வேறொரு கூட்டம். சிம்பிரியம் பழைய நிலையைக் காத்திருந்தால், சுத்தியலும் தண்ணீரும் "அர்" என்றும், சகோதரனும் தாயும் "எர்" என்றும் பிரிந்தே நின்றிருக்க வேண்டும். அப்படி நிற்கவில்லை. இரண்டு கூட்டங்களும் ஒன்றாகக் கலந்துவிட்டன. முதலில் அழுத்தமில்லாத ஈற்றசைகளின் உயிரொலிகள் எல்லா ஜெர்மன் வழக்குகளிலும் மங்கியதுபோல இங்கும் மங்கி, எல்லாம் "எர்" ஆகின. 12ஆம் நூற்றாண்டுக்குப் பிந்தைய ஏடுகளில் சுத்தியல் "ஹமெர்" என்றுதான் எழுதப்பட்டிருக்கிறது. அதற்குப் பிறகு ரகரத்துக்கு முன்னிருந்த அந்த மங்கிய எகரம் மலைமேல் மீண்டும் வாய் திறந்து அகரமாக விரிந்தது. பவேரிய வழக்குகள் பலவற்றிலும் இந்த விரிவு உண்டு. அங்கே ரகரம் விழுந்து அகரம் மட்டும் நிற்கிறது, இங்கே ரகரமும் நிற்கிறது. ஆக, நான் 1,000 ஆண்டுப் பழமை என்று எழுதிவைத்த ஒலி, புறப்பட்ட இடத்துக்கே ஒரு சுற்றுச் சுற்றி வந்து சேர்ந்த பிற்காலத்து ஒலி.

சிம்பிரியத்தில் பழைய ஈறுகள் உண்மையாகவே பிழைத்த இடங்களும் உண்டு என்பதை இங்கே சொல்லாமல் போனால் அம்மொழிக்கு அநீதி செய்தவனாவேன். ஏழு ஊர்களின் வழக்கில் பெயர் என்பதற்குச் சொல் "நமோ". இன்றைய ஜெர்மனில் "நாமெ". பழைய உயர் ஜெர்மனில் "நமோ". சமஸ்கிருதம் வழியாக நம்மிடம் வந்து சேர்ந்த நாமம் என்ற சொல்லுக்கும் இதுவே உறவு. சேவல் "ஹனோ", முயல் "ஹஸோ", நாக்கு "சுங்கா". இவற்றில் ஈற்று ஓகாரமும் ஆகாரமும் அவையவை இருக்க வேண்டிய சொற்களில் மட்டுமே, இடம் மாறாமல், கலக்காமல் நிற்கின்றன. ஆண்பால் பெயர்களின் ஒரு வகைக்கு ஓ, பெண்பாலுக்கு ஆ என்ற பழைய ஒழுங்கு குலையவில்லை. பாதுகாப்பு என்றால் இதுதான். ஓர் ஒலி பழையதாகத் தோன்றுவது போதாது. பழைய வேறுபாடு பிழைத்திருக்க வேண்டும்.

சரி, சுத்தியலின் ஈறு புதியது என்றால், அதன் தலை? அங்கே நாம் ஜெர்மன் மொழியின் எல்லையையே தாண்டி வெகுதூரம் போக வேண்டியிருக்கிறது.

வடக்கே, ஸ்காண்டிநேவியாவின் பழைய மொழியான பழைய நார்ஸில் இதே சொல் "ஹமர்". தோர் என்ற இடித்தெய்வத்தின் கைப்படைக்கு அங்கே அதுதான் சொல். ஆனால் அம்மொழியில் அதற்கு இன்னொரு பொருளும் உண்டு: செங்குத்தான பாறை, மலைமுகடு. நார்வேயின் ஹமார், லில்லெஹம்மெர், ஹம்மெர்ஃபெஸ்ட் ஆகிய ஊர்ப்பெயர்களில் இருப்பது கருவி அல்ல, பாறை. ஒரே சொல்லுக்கு ஏன் பாறை என்றும் சுத்தியல் என்றும் இரு பொருள்கள்? பாறையின் வடிவம் சுத்தியலைப் போல இருந்ததால் அப்படி அழைத்தார்கள் என்றும் ஒருவர் வாதிடலாம். அந்த வாதத்தை ஸ்லாவிய மொழிகள் வலுவிழக்கச் செய்கின்றன. ரஷ்ய மொழியில் கல்லுக்குப் பெயர் "காமென்". செக் மொழியில் "காமென்". பழைய ஸ்லாவோனியத்தில் "காமி". சுத்தியல் என்ற பொருளின் நிழல்கூட அங்கே இல்லை. வெறும் கல்.

ககரம் எப்படி ஹகரமாயிற்று என்பதில் புதிர் எதுவும் இல்லை. ஐரோப்பிய மொழிகள் பலவற்றுக்கும் சமஸ்கிருதத்துக்கும் பொதுத் தாயான ஆதி இந்தோ ஐரோப்பிய மொழியின் ககரம் ஜெர்மானியக் கிளையில் ஒழுங்காக ஹகரமாக மாறியது; லத்தீனில் கொம்பு "கொர்னு", ஜெர்மனில் "ஹொர்ன்"; லத்தீனில் நூறு "கெந்தும்", பழைய ஜெர்மனில் "ஹுன்ட்". அதே வழியில்தான் "காம்" என்பது "ஹம்" ஆனது. ஆகவே கல் என்பதே முதற்பொருள் என்றும், கல்லால் செய்த கருவிக்கு அப்பெயர் ஆகிவந்தது என்றும், கருவியின் தலை கல்லிலிருந்து உலோகத்துக்கு மாறிய பின்னும் பெயர் மாறவில்லை என்றும் பெரும்பாலான அறிஞர்கள் கொள்கிறார்கள்.

இப்படி நடக்குமா என்று தமிழ் வாசகர் யாரும் தயங்க வேண்டியதில்லை. நம் அடுப்பின் மேலே இருக்கும் இரும்புத் தட்டின் பெயர் தோசைக்கல். மளிகைக்கடைத் தராசில் வைக்கும் இரும்புத் துண்டின் பெயர் எடைக்கல். கொல்லர் பட்டறையில் காய்ச்சிய இரும்பை வைத்து அடிக்கும் இரும்புப் பட்டடைக்கு அடைகல் என்று பெயர். கையில் இரும்பை வைத்துக்கொண்டு கல் என்று சொல்கிறோம் என்ற உணர்வே நமக்கு எழுவதில்லை; அந்தப் பெரியவருக்கும் எழவில்லை. வேறுபாடு ஒன்றுதான். நம் சொல்லில் கல் வெளியே தெரிகிறது. அவர் சொல்லில் அது புதைந்துவிட்டது. சிம்பிரியத்தில் கல்லுக்கு இன்று வழங்கும் சொற்களில் ஒன்றான "ஷ்டோஆன்" முற்றிலும் வேறு வேரிலிருந்து வந்தது.

அடைகல்லைக் குறிப்பிட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கிரேக்க மொழியில் அடைகல்லுக்குப் பெயர் "அக்மோன்". வானத்திலிருந்து ஒரு வெண்கல அக்மோன் விழுந்தால் ஒன்பது இரவும் ஒன்பது பகலும் விழுந்துகொண்டேயிருந்து பத்தாம் நாள்தான் பூமியைத் தொடும் என்று பழங்கிரேக்கக் கவிஞர் ஹெசியோட் பாடியிருக்கிறார். இந்த "அக்மோன்" என்ற சொல்லும் கல்லில் பிறந்ததே. லித்துவேனிய மொழியில் கல் "அக்முவோ". சமஸ்கிருதத்தில் கல் "அஷ்மன்". ரிக் வேதத்தின் 2ஆம் மண்டலத்தில், வானத்திலிருந்து கல்லைக் கீழே வீசி எதிரியை அழிக்குமாறு இந்திரனை வேண்டும் பாடல் ஒன்று உண்டு, அங்கே இடியின் படைக்கலமே "அஷ்மன்" தான். ஈரானியக் கிளையில் அதே சொல் கல்லையும் வானத்தையும் குறித்தது. வானம் கல்லால் ஆன கவிகை என்று அவர்கள் எண்ணினார்கள். பாரசீகம் வழியாக இந்திக்கு வந்து, பாட்டுகளில் நாம் அடிக்கடி கேட்கும் "ஆஸ்மான்" அதுதான்.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. கிரேக்கமும் லித்துவேனியமும் சமஸ்கிருதமும் "அக்", "அஷ்" என்று உயிரொலியில் தொடங்குகின்றன. ஸ்லாவியமும் ஜெர்மானியமும் "கா", "ஹ" என்று தொடங்குகின்றன. உயிரும் மெய்யும் இடம் மாறியதுபோல் இருக்கிறது. கூடவே, சமஸ்கிருதம் ஷகர வகை ஒலியைக் காட்டும் இடங்களில் ஸ்லாவியம் சகர வகை ஒலியைக் காட்டுவதே வழக்கம். "காமென்" அந்த வழக்கத்துக்கு மாறாகக் ககரத்தோடு நிற்கிறது. மகரம் பக்கத்தில் வரும்போது அந்த ஒலி ககரமாக உறைந்துவிடும் என்று சிலர் விளக்குகிறார்கள். அதற்குச் சான்றாக லித்துவேனியத்தையே காட்டுகிறார்கள்: கல் "அக்முவோ" என்று ககரத்தோடும், கத்தியின் கூர்முனை "அஷ்மென்யீஸ்" என்று ஷகரத்தோடும் அங்கே அருகருகே வாழ்கின்றன. வேறு சிலர் ஜெர்மானியச் சொல்லை இந்தக் குடும்பத்தில் சேர்க்கவே தயங்குகிறார்கள். சேர்ப்பவர் பக்கமே நான் சாய்கிறேன். நார்ஸ் பாறையும் ஸ்லாவியக் கல்லும் ஒலியில் இவ்வளவு நெருங்கி, பொருளிலும் இவ்வளவு நெருங்கி நிற்பதைத் தற்செயல் என்று ஒதுக்க என் மனம் ஒப்பவில்லை.

இதில் இன்னொரு படியும் ஏறியவர்கள் உண்டு. ஜெர்மனில் வானத்துக்குப் பெயர் "ஹிம்மெல்". ஏழு ஊர்களின் சிம்பிரியத்தில் அது இதழ் குவிந்த உயிரோடு "ஹ்யூம்மெல்". ஈரானியர் கல்லின் பெயரால் வானத்தை அழைத்ததுபோல ஜெர்மானியரும் அழைத்திருக்கலாம், "ஹிம்மெல்" என்பதும் "ஹம்மெர்" என்பதும் ஒரே கல்லின் இரு துண்டுகள் என்பது அவர்கள் கருத்து. மூடுவது, போர்த்துவது என்று பொருள்படும் வேறொரு வேரிலிருந்தே வானத்தின் பெயர் வந்தது என்பது எதிர்க்கருத்து. இங்கே நான் எந்தப் பக்கமும் சாயவில்லை. முன்பு ஒரு முறை அழகுக்கு மயங்கி ஏமாந்தவன், அதைவிட அழகான இந்த இணைப்பில் கூடுதல் எச்சரிக்கையோடு இருப்பதே முறை.

லுசெர்னாவின் ஆண்கள் பல தலைமுறைகளாகக் கொத்தனார் வேலைக்கும் கல்வேலைக்கும் வெளியூர் போய்ப் பிழைத்தவர்கள். வசந்தத்தில் மலையிறங்கி, ஆஸ்திரியப் பேரரசின் பல மூலைகளில் சுவர் எழுப்பிவிட்டுக் குளிர்காலத்துக்குத் திரும்புவார்கள். 1918 வரை அவ்வூர் அந்தப் பேரரசின் எல்லைக்குள்தான் இருந்தது. 1915 மே மாதம் இத்தாலி போரில் இறங்கியவுடன் எதிரே இத்தாலியரின் வெரெனா மலைக்கோட்டையிலிருந்து பீரங்கிகள் முழங்கின, லுசெர்னா மீது குண்டுகள் விழுந்தன. ஊர் மக்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டு, வடக்கே பொஹேமியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். போர் முடிந்த பிறகே அவர்கள் இடிந்த வீடுகளுக்குத் திரும்பி, கற்களைப் பொறுக்கி மீண்டும் கட்டினார்கள். பொஹேமியா இன்றைய செக் குடியரசில் இருக்கிறது. அதன் வடபகுதியில் செஸ்கா காமெனித்ஸே போன்ற ஊர்ப்பெயர்கள் உண்டு. அந்தப் பெயருக்குள் இருப்பது "காமென்", கல். சொந்தக் கருவியின் பெயர் தொலைதூர உறவினரோடு ஒரே மண்ணில் சில ஆண்டுகள் வாழ்ந்ததை அந்த அகதிகளில் யாரும் அறிந்திருக்க வழியில்லை. அறிய வேண்டிய நிலையிலும் அவர்கள் இல்லை. ஆனால் வரைபடத்தில் அந்தப் பெயரைப் பார்த்தபோது எனக்குச் சற்று நேரம் வேறு எதிலும் மனம் செல்லவில்லை.

குறிப்பேட்டில் நான் எழுதிய வாக்கியத்தை அடித்துவிட்டு, அதன் கீழே புதிதாக எழுதினேன்: ஈறு பிற்காலத்தது, தலை, உலோகத்தை மனிதன் உருக்கத் தொடங்குவதற்கு முந்தையதாக இருக்கலாம்.

அந்தப் பெரியவரை மறுபடி நினைத்துப் பார்க்கிறேன். பெயர் சொல்லிக்காட்டிய பிறகு அவர் வேலையைத் தொடர்ந்தார். நாலைந்து அடிகளுக்குப் பின் சுத்தியலின் தலை பிடியில் லேசாக ஆடியது. அவர் அதைத் தலைமேலாக நிமிர்த்திப் பிடித்து, பிடியின் அடிப்பக்கத்தைச் சுவரின் உறுதியான கல்லொன்றின் மேல் இரண்டு முறை ஓங்கிக் குத்தினார். இரும்பு தன் எடையாலேயே கீழிறங்கி, ஆப்பில் இறுகிக்கொண்டது. விரலால் ஒருமுறை அசைத்துப் பார்த்துவிட்டு, அடுத்த கல்லை எடுத்தார்.